போர்டு இல்லாத கடை

போன வாரம் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். “அண்ணே, ஃபேமிலியோட மணப்பாடு வர்றோம். ஒரு நல்ல மீன் சாப்பாட்டுக் கடை சொல்லுங்க. டூரிஸ்ட் போற கடை வேண்டாம், லோக்கல் ஆளுங்க சாப்பிடுற கடையா இருக்கணும்.” அப்படியானால் நீங்கள் யார் என்று நான் கேட்கவில்லை. லோக்கல் ஆட்கள் எங்கள் ஊரில் வீட்டில்தான் சாப்பிடுகிறார்கள் என்றேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. ரகசியத்தை மறைக்கிறேனாம்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் இங்கே ஒரு குகையில் தங்கினார் என்பார்கள். அவர் யாரிடமும் கடை விசாரித்ததாகத் தகவல் இல்லை. சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு விஷயத்தை இறக்கி வைத்துவிடுகிறேன்.

இந்தப் போர்டு இல்லாத கடை இருக்கிறதே, அதுதான் என் உயிரை வாங்குகிறது. சிபாரிசு செய்கிறவர் முதலில் குரலைத் தாழ்த்துவார். “போர்டெல்லாம் இருக்காது.” சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமை. பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்களாம். நான் கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கடையைக் காட்டினார்கள். பன்னிரண்டரைக்கு மேல் போனால் ஒன்றும் இருக்காது. ஆனால் திறப்பதே பன்னிரண்டேகாலுக்குத்தான். உட்கார இடம் கிடைக்காது. கிடைத்தால் நீங்கள் தப்பான கடைக்கு வந்துவிட்டீர்கள். அண்ணாச்சி திட்டுவார், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பாசம். மெனு கிடையாது, அவர் வைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். மறுசோறு கேட்டால் முறைப்பார். (என் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். போர்டும் கிடையாது. ஆனால் இதுவரை ஒருவரும் சிபாரிசு செய்யவில்லை.) இவ்வளவையும் தாங்கிச் சாப்பிட்டு முடித்து, சிபாரிசு செய்தவருக்குப் போன் போட்டால், “ஓ, அங்கயா போனீங்க? அவங்க அப்பா இருந்தப்ப சாப்பிட்டிருக்கணும்” என்பார். அப்பா காலத்தில் போய்க் கேட்டிருந்தால் தாத்தாவைச் சொல்லியிருப்பார். ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள், ‘போர்டு இல்லாத கடை’ என்று யாராவது போர்டு எழுதி மாட்டத்தான் போகிறார்கள். கீழே ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’.

தூத்துக்குடியிலாவது பரவாயில்லை. பொரிச்ச புரோட்டாவுக்கு எந்த நைட் கிளப்புக்குப் போனாலும் (அங்கே புரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர்) மோசம் போக மாட்டீர்கள். நானே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பக்கத்து உடன்குடியில்தான் சிக்கல். கருப்பட்டி வாங்கப் போகிறவருக்கு எது ஒரிஜினல் என்று சொல்ல ஊரே தயாராக நிற்கும். புவிசார் குறியீடு வாங்கிய பிறகும் இந்த விசாரணை முடியவில்லை. ஒருவர் கையில் எடுத்துக் கனம் பார்ப்பார், ஒருவர் மோந்து பார்ப்பார், இன்னொருவர் உடைத்து உள்ளே பளபளக்கிறதா என்று பார்ப்பார்; பளபளத்தால் சீனியாம். சிரட்டையில் ஊற்றி எடுத்த அந்த அரை உருண்டை, நம் கைக்கு வரும்போது தூளாகியிருக்கும்.

மீனுக்கு வருகிறேன். சென்னைக்காரருக்கு வஞ்சிரம் வேண்டும். நாங்கள் சீலா என்போம். நல்ல சீலா கரைக்கு வந்தால் வியாபாரி ஏலத்தில் எடுத்து, ஐஸ் போட்டு, வெளியூருக்கு வண்டி ஏற்றிவிடுவார். அதாவது, இவர் இங்கே புறப்பட்டு வருகிற நேரத்தில் இவருடைய மீன் இவர் ஊருக்கே போய்க்கொண்டிருக்கலாம். இங்கே எங்கள் சட்டியில் மிஞ்சுவது சாளையும் நெத்திலியும். சாளைக்கு முள் அதிகம். பேசிக்கொண்டே சாப்பிட முடியாது. அதுவே அதன் முதல் ருசி என்பேன்.

இத்தனைக்குப் பிறகும் அவர் விடவில்லை. மணல்மேட்டில் நிற்கும் 1581-ஆம் வருஷத்துத் திருச்சிலுவைக் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அங்க பக்கத்துல கடை இருக்கா?” என்றுதான் கேட்டார். அவர்கள் வருவது ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை பூசை நாள். எங்கள் கரையில் வள்ளம் கடலுக்குப் போகாது. அன்றைக்கு ‘இப்பப் பிடிச்ச மீன்’ என்று யார் வைத்தாலும் அது சனிக்கிழமை மீன், அல்லது அதற்கும் மூத்தது. மீனுக்காக வருகிறவர்கள் தயவுசெய்து வேலை நாளில் வாருங்கள். ஞாயிறுதான் வசதி என்றால் சாம்பார் கேளுங்கள்.