நிர்வாகம் பொறுப்பல்ல

அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏற வத்திராயிருப்பில் இறங்குபவர்கள், அறை எடுக்கும் முன் விடுதிச் சுவரை வாசித்துவிடுவது நல்லது: ‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ ஆதார் நகலையும் முன்பணத்தையும் பொறுப்பாக வாங்கி வைக்கும் அதே நிர்வாகம், பர்ஸ் காணோம் என்றதும் சித்தர்களைப் போல் அரூபமாகிவிடும். மிஞ்சுவது, “ரூமைச் சரியாப் பூட்டுனீங்களா சார்?” என்று புகார் சொன்னவரிடமே தொடங்கும் விசாரணை.

இந்தப் பலகைக்கு உள்ள மதிப்பு என்ன? 1998-இல் டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில், ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன மாருதி கார் திருடுபோனது. ‘கார் உரிமையாளரே பொறுப்பு’ என்று பார்க்கிங் சீட்டில் அச்சிட்டிருக்கிறோமே என்றது ஹோட்டல். சொந்தக் கவனக்குறைவைச் சீட்டு மறைக்காது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. அது கார், அதுவும் நட்சத்திர ஹோட்டல். சின்ன விடுதிக்குப் பொருந்துமா என்பார்கள். வாடகைக்கு ஏற்ற காவல் போதும், ஒப்புக்கொள்வோம். ஆனால் மாற்றுச் சாவி தொங்குவது அவர்கள் ஆணியில்தானே? விருந்தினரின் அசட்டையும் உண்டுதான். அதைக் காட்ட வேண்டியது விடுதி. திருட்டுக் கொடுத்தவரே, ரூம் பையனோடு மல்லுக்கட்டாதீர்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மனு ரசீதை மறக்காமல் வாங்குங்கள்.