மைலோ டின்னும் நாலு ஜிபியும்

"அங்கிள், பேசாம புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

நேற்று லோயாட் பிளாசாவில் ஒரு பையன் சொன்னான். என் கம்ப்யூட்டரின் வயதைக் கேட்டான், சிரித்தான், அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். நான் கேட்டது வெறும் நாலு ஜிபி ரேம். பிரிக்பீல்ட்சில் மோனோரயில் ஏறி, இம்பியில் இறங்கி, வெயிலில் நடந்து போனவனுக்கு இதுதான் மரியாதை.

தூக்கிப் போடுகிற புத்தி நமக்கெல்லாம் ஏது? என் வீட்டு மைலோ டின்னே சாட்சி. செத்துப்போன ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் கழற்றிய ரேம் அதற்குள் கிடக்கிறது. அடியில் 168 பின் எஸ்டிரேம். அதன்மேல் 184 பின் டிடிஆர். அதற்கும் மேல் 240 பின் டிடிஆர்2. எனக்கு வேண்டியது டிடிஆர்3. அதற்கும் 240 பின்தான், நீளமும் அதேதான். ஆனால் நடுவிலிருக்கும் வெட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. 1.8 வோல்ட் சாப்பிட்டு வளர்ந்ததை 1.5 வோல்ட் போர்டில் யாரும் சொருகிவிடக் கூடாதாம். சரி, நல்லதற்குத்தான். டிடிஆர்4 வந்தது, 288 பின். டிடிஆர்5-உம் 288 பின், வெட்டு மறுபடியும் நகர்ந்துவிட்டது! டின்னுக்குள் கைவிட்டுத் துழாவினால் டிடிஆர்3 என்று ஒன்றே ஒன்று வருகிறது. அது லேப்டாப்புடையது, பாதி நீளம். அதையும் அழிரப்பரால் தேய்த்துத் தங்கம் மாதிரி வைத்திருக்கிறேன். முறுக்குப் போட்டு வைக்க அந்த டின்னை மனைவி கேட்டாள். கொடுக்கவில்லை.

லேபிளைப் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். டிடிஆர்3-1600 என்று ஒரு கடையில், பிசி3-12800 என்று இன்னொரு கடையில். இரண்டும் ஒரே ஆள். ஐசியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். 1600-ஐ எட்டால் பெருக்கித்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து வேறு. 'யு' என்றால் நம் மேசைக் கம்ப்யூட்டருக்கு, 'எஸ்' லேப்டாப்புக்கு, 'ஆர்' சர்வருக்கு. ஆன்லைனில் கொள்ளை மலிவாக வருவது எப்போதும் இந்த 'ஆர்'தான். அதையும் தாண்டி வந்தால், 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்ட 8 ஜிபி நிற்கும். இன்டெல் போர்டில் சொருகிப் பாருங்கள்: திரை இருட்டு, காதில் பீப்.

இந்த லட்சணத்தில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு ரேம் பத்தவில்லையாம். மூவாரிலும் பினாங்கிலும் ஆலை வைத்திருக்கும் மைக்ரான், நம்மைப் போன்றவர்களுக்கு 'குரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. கவிதை எழுதுகிற மெஷினுக்கு ரேம் உண்டு. கட்டுரை எழுதுகிற மனுஷனுக்குக் கிடையாது.

எதைத்தான் வாங்குவது என்று கடைசியில் சொல்வதாக இருந்தேன். சொல்லலாம். மேலே எழுதினதே இன்னும் சேவ் ஆகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.