தேஞ்சவனுக்கு ஏன்வே தண்டனை?

வாரும் மருமகனே, உக்காரும். காரு பளபளன்னு இருக்கு. உள்ள பிள்ளையாரு, மல்லியப்பூ சென்ட்டு, சீட்டுக்குப் புதுச்சட்டை. ஒரு கொறையும் இல்ல. பிரேக்கை மிதிச்சா மட்டும் வலது பக்கமாப் பாயுது, அவ்வளவுதான? அதுக்குப் போயி முகத்தைத் தொங்கப் போடலாமா? எதுக்க வாற லாரிக்காரன் ஒதுங்கிப் போவான். அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்கும்லா.

வீல் அலைன்மென்ட் பாத்தீரு, சரியா வரலன்னு மறுபடியும் பாத்தீரு. டயரை எடம் மாத்துனீரு. வலது பக்கத்துப் பிரேக் பேடு தேஞ்சுபோச்சுன்னு எவனோ சொன்னான்னு அதை மட்டும் புதுசு போட்டீரு. என்ன நியாயம்வே இது! ரெண்டு பேரு சேந்து நிப்பாட்ட வேண்டிய வண்டியை ஒருத்தன் தனியா நிப்பாட்டிக்கிட்டுக் கெடக்கான், அவன் தேயாம என்ன செய்வான்? பாடுபட்டவனை வெளிய தள்ளிட்டு, சும்மா இருந்தவனை அப்பிடியே வச்சிருக்கீரு. உம்ம ஆபீஸ்லயும் இப்பிடித்தான் நடக்குதோ என்னமோ.

மிதிக்கும்போது மட்டும் வலது பக்கம் போச்சுன்னா, இடது பக்கம் பிடிக்கலன்னு கணக்கு. மிதிக்காமலே ஒரு பக்கமா இழுத்தா அது வேற கத. அந்தப் பக்கத்துல பேடை அமுக்குத காலிபரு பிடிச்ச பிடியை விடலை. அந்த வீலு மட்டும் கொதிக்கும், கருகுன வாடை வரும், மைலேஜும் கொறையும். பிரேக் அதிகம் போடாம கொஞ்ச தூரம் ஓட்டிட்டு எறங்கி, புறங்கையை வீலுக்குப் பக்கத்துல கொண்டுபோயிப் பாரும். பக்கத்துலன்னுதான் சொல்லுதேன். டிஸ்க்கைத் தொட்டுச் சுட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில எம்பேரைச் சொல்லக்கூடாது.

தூத்துக்குடியில உப்பளத்துக்குப் பக்கத்துல வீடு. காத்து உப்போடதான வரும்? உம்ம காருல முன்வீலுக்கு ஒத்தப் பிஸ்டன் காலிபரு. பிஸ்டன் உள்பக்கத்துப் பேடை மட்டுந்தான் தள்ளும். அது டிஸ்க்குல முட்டுன பெறவு, காலிபரோட ஒடம்பு ரெண்டு பின்னு மேல வழுக்கி வந்து வெளிப்பக்கத்துப் பேடையும் இழுத்து அமுக்கும். பின்னு துருப்பிடிச்சு எறுகிட்டா உள்பேடு தேஞ்சு தகடாப் போவும், வெளிப்பேடு கடையில வாங்குன மேனிக்கு இருக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்வீலுக்குக் கல்லு குடுத்து, ஜாக்கியோட ஸ்டாண்டும் வச்சு வீலைக் கழத்தும். பேடு ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தாலே கேசு முடிஞ்சுபோவும்.

கழத்துன காலிபரை பிரேக் ஓஸ்ல தொங்கப் போடாதீரும், கம்பி வச்சுத் தூக்கிக் கட்டும். ஓஸ் உள்ளுக்குள்ள விண்டுபோனா வெளிய தெரியாது. போன ஆயில் திரும்பாம நிக்கும், வீலு எறுகும், நீரு காலிபரு போச்சுன்னு முழுசா மாத்திட்டு மறுபடியும் எங்கிட்ட வந்து நிப்பீரு. வீலு எறுகிக் கெடந்தா காலிபர்ல ஏர் எடுக்குத நிப்பிளை லேசாத் தளத்திப் பாரும். ஆயில் சீறி வீலு விட்டுட்டுதுன்னா காலிபரு மேல பழி இல்ல, ஓஸையும் அதுக்கு மேலயும் பாரும். அப்பவும் விடலன்னா பிஸ்டனோ பின்னோதான்.

பின்னை உருவி உப்புத்தாள் போட்டுத் துருவை எடும். குழி விழுந்திருந்தா புதுசு. கிரீஸ் விஷயத்துலதான் நம்ம ஆளுக பெரிய வள்ளல், ஆக்சிலுக்கு வச்சிருக்கதை அள்ளி அப்பிருவான். அந்தக் கிரீஸ் பட்டா ரப்பரு ஊதும், ஊதுன ரப்பரு பின்னைத் திரும்பவும் இறுக்கும். காலிபர் பின்னுக்குன்னே சிலிக்கான் கிரீஸ் விக்கான், அதை வாங்கும். பெட்ரோல், டீசல்ல கழுவுத சோலியும் வேண்டாம்.

பிஸ்டனுக்கு மேல உள்ள ரப்பர் உறை, அதான் பூட்டு, கிழிஞ்சிருந்தா உள்ள தண்ணி போயிருக்கும். கம்ப்ரஸர் காத்து குடுத்துப் பிஸ்டனை வெளிய எடுக்கும்போது எதுக்கால ஒரு மரக்கட்டை வையும். விரலை விட்டுராதீரும், அதுல மாமனாரு போட்ட மோதிரம் வேற கெடக்கு. பிஸ்டன் மேல நகத்தை ஓட்டிப் பாரும், நெருடுச்சுன்னா தூரப் போடும். பிஸ்டனைப் பின்னால இழுக்கதுக்கு ஸ்பிரிங்கு கிடையாதுவே. உள்ள ஒரு சதுர ரப்பர் வளையம் இருக்கு. மிதிக்கும்போது லேசா முறுகும், காலை எடுத்ததும் நேராகி பிஸ்டனைக் கொஞ்சூண்டு உள்ள இழுத்துக்கிடும். ஒரு மில்லிமீட்டர் கூட வராது, அந்த இழுப்புலதான் உம்ம வீலு சுத்துது. சீல் கிட்டுல கிடைக்கது இந்த வளையமும் பூட்டுந்தான். ரெண்டு வீலுக்கும் சேத்து மாத்தும்.

பிரேக் ஆயில் மாத்தி எத்தன வருசம் ஆச்சு? மோட்டைப் பாக்காதீரும். அந்த ஆயில் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 ஆயில் புதுசுல 230 டிகிரி வரைக்கும் தாங்கும், தண்ணி ஏறிட்டா 155லயே கொதிச்சிரலாம். மாஞ்சோலை எறக்கத்துல கொதிச்சா பெடல் தரை வரைக்கும் போவும், நீரும் கூடவே போவீரு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தும். பெயிண்ட்டுல சிந்துனா உடனே கழுவும், இல்லாட்டா அந்தப் பளபளப்பு உரிஞ்சு வந்துரும்.

காலிபரைத் திரும்ப மாட்டி ஏர் எடுக்கும்போது நிப்பிளு மேல பாத்து இருக்கணும். கீழ பாத்தா இடதையும் வலதையும் மாத்தி மாட்டியிருக்கீருன்னு அர்த்தம், ராத்திரி முழுக்க ஏர் எடுத்தாலும் காத்து போவாது. மிதிக்க வீட்டுல உள்ள பிள்ளையைக் கூப்பிடும். மிதின்னா மிதிக்கணும், நிப்பிளை எறுக்குன பெறவுதான் காலை எடுக்கணும். உம்ம பேச்சை அந்தப் பிள்ள கேக்குமாங்கதை நீருதான் சொல்லணும்.

இதெல்லாம் கைக்கு வராதுன்னா மெக்கானிக்குகிட்டக் குடும். ஆனா பக்கத்துல நின்னு, "பின்னு நகருதான்னு பாத்தீரா"ன்னு ஒரு கேள்வி கேட்டு வையும். எல்லாம் மாட்டுன பெறவு, வண்டியை எடுக்க முன்னால பெடல் கெட்டியாவுத வரைக்கும் மிதிக்க மறந்துராதீரும். அடுத்த வாரம் திருச்செந்தூருக்கு என்னையும் கூட்டிட்டுப் போறேன்னீரு. நீரு ஒரு தடவ தனியாப் போயிட்டுத் திரும்பி வாரும், பெறவு பாப்போம். எனக்கு பஸ்ஸு இருக்கு.