முன்கண்ணாடி ஒட்டுத்தாளும் லோபாக் காடிகளும்: ஓர் ஆய்வு

எந்த ஆய்வையும் பெயராய்விலிருந்து தொடங்குவது மரபு. சிரம்பான் நகரின் ஒரு பகுதியான லோபாக்கின் பெயருக்கு மலாயில் முள்ளங்கி என்று பொருள். இங்கே குடியேறி இத்தனை ஆண்டுகளில் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய முள்ளங்கியைத் தவிர வேறு முள்ளங்கி என் கண்ணில் பட்டதில்லை. அடுத்தது, ஆய்வுப் பொருளான ‘காடி’. தமிழ்நாட்டு வாசகர் இந்தச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் புளித்த நீர் என்று இருக்கும். மலேசியத் தமிழருக்கோ காடி என்றால் நான்கு சக்கரம், எங்கள் மாநிலத்துக்குரிய ‘என்’ எழுத்தில் தொடங்கும் நம்பர் பிளேட், ஒன்பது ஆண்டு வரை இழுக்கும் கடன். புளிப்பு பிறகு வரும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூல நூல் மிகச் சிறியது. தீப்பெட்டி அளவு ஒட்டுத்தாள். முன்கண்ணாடியின் மேல் மூலையில், போர்மன் என்று நாங்கள் அழைக்கும் மெக்கானிக் ஒட்டியிருப்பார். பந்துமுனைப் பேனாவால் எழுதிய மூன்று வரிகள்: இன்றைய தேதி, இன்றைய கிலோமீட்டர், அடுத்த சர்வீசுக்கான கிலோமீட்டர். நீதி நூல்களில் இதைவிடச் சுருக்கமானதை நான் கண்டதில்லை. ஓட்டுநர் ஒவ்வொரு நாளும் இந்தக் கண்ணாடி வழியாகத்தான் சாலையைப் பார்க்கிறார். ஆனால் இந்தத் தாளைப் பார்ப்பதில்லை.

2023 பிப்ரவரிவரை இந்தத் தாளுக்குத் துணையாகச் சாலை வரித் தாளும் கண்ணாடியில் இருந்தது. அந்த மாதம் முதல் சாலை வரி கைப்பேசிக்குள் போய்விட்டது. தனியார் காடிகளில் அதை ஒட்ட வேண்டியதில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எனவே இன்று லோபாக் காடிகளின் கண்ணாடியில் தனித்து நிற்கும் ஒரே எழுத்துச் சான்று சர்வீஸ் தாள்தான். அதற்குப் பின்னால் சட்டமும் இல்லை. லாரிக்கும் டாக்சிக்கும் குறித்த காலத்துக்கு ஒருமுறை புஸ்பகோம் போன்ற நிலையத்தில் பரிசோதனை உண்டு. சொந்தக் காடியைப் பெயர் மாற்றி விற்கும்போதுதான் அந்த வாசலை மிதிக்க வேண்டும். வருடா வருடம் சாலை வரி கட்டினால் போதும். இன்ஜினுக்குள் எண்ணெய் இருக்கிறதா, குழம்பு இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

களப்பணி ஒரு வொர்க்‌ஷாப்புக்கு எதிரே உள்ள ஒட்டுக்கடையில், நுரைத்த பால் தேநீரான தே தாரிக் பலவற்றின் துணையோடு நடந்தது. நிறுத்தியிருந்த காடிகளின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, தாளில் உள்ள எண்ணையும் மீட்டரில் உள்ள எண்ணையும் ஒப்பிடுவது முறை. இப்போது வரும் காடிகளில் சாவி போட்டால்தான் மீட்டர் எரியும் என்பதாலும், திருட வந்தவன் என்று ஒருவர் என்னை நினைத்துவிட்டதாலும், மாதிரிகளின் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு பெருகவில்லை. கிடைத்த முடிவுகளையும் வெளியிடப்போவதில்லை. மானம் போகும். அந்த மாதிரிகளில் என் காடியும் ஒன்று.

காடிக்காரர்களிடையே மூன்று சித்தாந்தங்கள் உண்டு. தாளில் உள்ளபடி நடப்பவர் தாள்வாதி. இவர் அரிதானவர், பெரும்பாலும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் முன்பும் தீபாவளிக்கு ஊர் போகும் முன்பும் மட்டும் காடியைப் போர்மனிடம் விடுபவர் பண்டிகைவாதி. இவர் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, பஞ்சாங்கத்தில் இருக்கிறது. மூன்றாமவரே பெரும்பான்மை: சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்னும் சத்தவாதி.

சத்தவாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதற்கு ஓர் இலக்கணமே இருக்கிறது. குழியில் இறங்கும்போது முன்சக்கரத்தில் ‘டக் டக்’ என்று கேட்டால் அது வல்லினம். அப்சார்பரோ பால் ஜாயின்டோ தேய்ந்துவிட்டது. வேகம் கூடக் கூட ‘ங்ங்ங்’ என்று மூக்கால் பாடினால் மெல்லினம், வீல் பேரிங். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘ய்ய்ய்’ என்று இழுத்தால் இடையினம், பேன் பெல்ட். ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது ‘ழ்ழ்’ என்று முனகினால் அதுவும் இடையினமே. பவர் ஸ்டீரிங் எண்ணெய் குறைந்திருக்கிறது. (தமிழின் சிறப்பெழுத்தைத் தவறாமல் உச்சரிப்பது இந்த ஒரு கருவிதான்.) எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை விழுந்தால் வருவது ஆய்தம். பிரேக்கின் ‘கிரீச்’ மட்டும் திட்டமிட்டே வைத்த எழுத்து: பல பிரேக் பேடுகளில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும், பேடு தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். கத்துவதற்காகவே செய்த நாக்கு அது.

இவ்வளவு அழகான இலக்கணம் எங்கே உடைகிறது என்றால், பெருஞ்செலவு வைக்கும் உறுப்புகள் பேசுவதே இல்லை. டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. பல காடிகளில் 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் அதை மாற்ற வேண்டும். அறுபடும் நாள்வரை பெரும்பாலும் மூச்சு விடாது. அறுந்தால் இன்ஜின் நடுச்சாலையில் நிற்கும். சில இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதற்கும் சத்தம் கிடையாது. இன்ஜின் எண்ணெய் கெடுவதற்கும் கிடையாது.

அந்த எண்ணெயைப் பற்றி ஒரு சொல்லாய்வு. இங்கே அதன் பெயர் மின்யாக் ஹீத்தாம், அதாவது கறுப்பு எண்ணெய். ஆனால் டின்னிலிருந்து ஊற்றும்போது அது தேன் நிறத்தில்தான் இருக்கிறது. தேன் நிறப் பொருளுக்கு ஏன் கறுப்பு என்று பெயர் வந்தது? எனது துணிபு: பெயர் வைத்த மக்கள் அதை வெளியே வடியும்போது மட்டுமே பார்த்தவர்கள். சாதாரண எண்ணெய்க்கு 5,000 கிலோமீட்டர், செமி சிந்தெட்டிக்குக்கு ஏறக்குறைய 10,000 என்பது போர்மன்கள் சொல்லும் கணக்கு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆறு மாதம் என்பது அதன் துணைவிதி. நம்மவர்கள் இந்தத் துணைவிதியைத்தான் நம்புவதில்லை. “சந்தைக்கும் கோயிலுக்கும்தானே எடுக்கிறேன்” என்பார்கள். கெடுதல் அங்கேதான் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் போய் அணைத்துவிடும் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதில்லை. உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. கோலாலம்பூருக்கு நெடுஞ்சாலையில் தினமும் போய்வரும் காடியைவிட லோபாக்கை விட்டு வெளியேறாத காடியின் எண்ணெய் சீக்கிரம் கெடுவது இதனால்தான்.

காடி பராமரிப்பிலும் அகம், புறம் என இரு பிரிவு உண்டு. புறத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஞாயிறு காலையில் லோபாக் வீட்டு வாசல்களில் பாருங்கள்: வாளி, நுரை, மெழுகு, டயருக்குக் கறுப்புச் சாயம், கண்ணாடியில் தொங்கும் மாலை. புதுக் காடி என்றால் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். நசுங்கிய அந்தப் பழத்தின் சாறு ரேடியேட்டரை எட்டுவதில்லை என்பது மட்டுமே இந்த ஆய்வாளரின் பணிவான கருத்து. அகத்தைத் திறப்பவர் எங்கே? பானட்டைத் திறக்கும் நெம்புகோல் எங்கிருக்கிறது என்று என் உறவினர் ஒருவர் காடி வாங்கி ஆறாம் ஆண்டில்தான் கேட்டார்.

இனி, நேரடிச் சான்று. என்னிடம் இருப்பது கஞ்சில். 1994இல் வந்து 2009வரை உற்பத்தியான, 660 சிசி இன்ஜினில் தொடங்கிய பெரோடுவாவின் முதல் காடி. கஞ்சில் என்றால் சருகுமான். சருகுமானில் நான்கு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு கோலாப்பிலாவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினேன். வழியில் புக்கிட் புத்துஸ். புத்துஸ் என்றால் அறுந்தது, முறிந்தது என்று பொருள். பெயரிலேயே எச்சரிக்கை வைத்த மலை. பழைய வளைவுப் பாதையில் பாதி ஏறியபோது ஏர்கோனில் சூடான காற்று வந்தது. பின்சீட்டில் இருந்த சின்னம்மா, “தம்பி, என்னமோ கருகுற வாசம் வருதுப்பா” என்றார். பந்தியில் சாம்பார் அடிப்பிடிக்கும் வாசம் இவ்வளவு தூரம் வராதே என்று நான் யோசிக்கும்போதே சூட்டு முள் சிவப்புக்கோட்டைத் தொட்டுவிட்டது.

பட்டு வேட்டியோடு பானட்டைத் திறந்து நின்றேன். ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்ற ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் சாலையோரத்தில் ஐவரும் வரிசையாக நின்றோம். சின்னம்மா சீர்த்தட்டைக் கையில் ஏந்தியபடியே நின்றதால், ஏறிப்போன காடிகள் எங்களை ஏதோ நேர்த்திக்கடன் கோஷ்டி என்று நினைத்து வேகத்தைக் குறைத்தன.

மறுநாள் லோபாக்கில் போர்மன் தம்பி எண்ணெய்க் கோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, என் மூக்குக்கு நேரே நீட்டினார். இளம்பழுப்பில் நுரை.

“அங்கள், இது என்ன தெரியுதா?”

“மின்யாக்.”

“இல்ல அங்கள். தே தாரிக். தண்ணியும் எண்ணெயும் கலந்திருச்சி. ஹெட் காஸ்கெட் போச்சு. ரேடியேட்டர்ல என்ன ஊத்துவீங்க?”

“பைப்புத் தண்ணிதான்.”

தம்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அது எங்கள் வகுப்பு வாத்தியார் வாய்ப்பாடு கேட்டுவிட்டுப் பார்க்கும் பார்வை. இரும்பும் அலுமினியமும் சேர்ந்த இன்ஜினுக்குள் வெறும் தண்ணீர் ஓடினால் துரு பிடிக்கும், உப்புப் படியும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். பாட்டில் 25 வெள்ளி. எனக்கு வந்த பில் 1,400 வெள்ளி. இரண்டு ஆண்டுக்கு ஒரு பாட்டில் என்று வைத்தால் அந்தப் பணத்துக்கு 112 ஆண்டு கூலன்ட் ஊற்றியிருக்கலாம். அதுவரை காடி இருக்குமா, நான் இருப்பேனா என்பது வேறு துறையைச் சேர்ந்த கேள்வி.

டயரைப் பற்றி எழுதாமல் லோபாக்கில் ஆய்வு முடியாது, ஏனென்றால் இது ரப்பர் சீமை. பெல்பாஸ்ட்டில் ஜான் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் மகனின் மூன்றுசக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888இல் காப்புரிமை வாங்கினார். அதே 1888இல்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு இயக்குநராக வந்தார். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பிறகு வகுத்தவர் அவர். சாதாரண ஆள் இதைத் தற்செயல் என்பான். ஆய்வாளன் அப்படிச் சொன்னால் கட்டுரை பாதியில் முடிந்துவிடும்.

என் அப்பா லாபு பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஒரு மரத்தில் கத்தி படும். ஒரு சீவலுக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை. கத்தி அளவுக்கு மேல் ஆழம் போனால் மரத்தில் காயம் விழும். காயம் விழுந்தால் கங்காணி நிற்கவைத்துக் கேட்பார். ஒரு மாதத்தில் எவ்வளவு பட்டை செலவாகலாம் என்று கணக்கு உண்டு. இப்படி வெட்டினால் ஒரு மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுக்கும். அப்பா எந்தத் தாளையும் பார்த்து வெட்டவில்லை. அவருக்கு விரலில் இருந்தது அளவு. மரம் துரையுடையது. ஞாயிற்றுக்கிழமை அவர் தன்னுடைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, செயினில் எண்ணெய் விட்டு, பெடலைக் கையால் சுற்றி, காதை வைத்துக் கேட்பார். அந்தச் சைக்கிள் எங்களோடு தோட்டத்தை விட்டு லோபாக் வரைக்கும் வந்தது. அவர் பிள்ளையான நான் ரேடியேட்டருக்குப் பைப்புத் தண்ணீர் ஊற்றினேன்.

டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயர் சட்டப்படி ஆகாது. அப்பாவின் சீவலுக்கும் இதற்கும் உள்ள 0.1 மில்லிமீட்டர் வித்தியாசத்தை முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய விரும்புவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பயனுள்ளது டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் இறுகி வெடிக்கும். ‘புதுசு மாதிரி’ என்று மலிவு விலையில் தள்ளிவிடும் டயருக்கு முன்னால் குனிந்து இந்த எண்ணைப் படியுங்கள். காற்றும் அப்படித்தான், எண்ணெய் நிலையத்தில் இலவசம் என்பதாலேயே நாம் அதை மதிப்பதில்லை. குறைந்த காற்றில் ஓடும் டயர் ஓரம் தேயும், பெட்ரோலையும் தின்னும். பக்கத்துச் செப்பாங்கில் 1999 முதல் 2017வரை நடந்த பார்முலா ஒன் பந்தயத்தில் கடைசி ஆண்டுகளில் நான்கு டயரையும் மூன்று வினாடிக்குள் மாற்றினார்கள். லோபாக்கில் ஸ்பேர் டயருக்குக் காற்றிருக்கிறதா என்று பார்க்க மூன்று ஆண்டு ஆகிறது.

ஆய்வு நேர்மை கருதி ஒரு தகவலைச் சேர்க்க வேண்டும். இக்கட்டுரையை எழுதி முடித்ததும் வாசலுக்குப் போய்க் கஞ்சிலின் தாளைப் படித்தேன். அடுத்த சர்வீஸ் 187,000 என்று தம்பியின் கையெழுத்து. மீட்டரில் 191,460. நாளை ஞாயிறு, கடை திறக்காது.