வீட்டுவண்டியும் எஞ்சின் எட்டுமையும்: கொங்கு வட்டாரச் சான்றுகளை முன்வைத்து ஒரு முன்னாய்வு

ஆய்வுலகம் மொத்தமும் கீழடிப் பக்கம் போய்விட்டதால், திருப்பூரில் எஞ்சினை எட்டிப் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. அந்தக் குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

வீட்டுவண்டி என்பது யாது? படுக்கை, மேசை, சமையல் வசதி கொண்ட ஊர்தியை இந்திய வாகனத் தரக்குறிப்பு ஏ.ஐ.எஸ். 124 மோட்டார் கேரவன் என்கிறது. கொங்கு வழக்கு இதனினும் விரிந்தது. வாரமெல்லாம் துணி ரோலையும் நூல் மூட்டையையும் சுமந்துவிட்டு, சனிக்கிழமை சம்பளம் போட்டானதும் அண்டா, பாய், அப்புச்சி (அம்மாவைப் பெற்ற தாத்தா) சகிதம் குலதெய்வம் கோயிலுக்குப் போய், இரவு அதிலேயே படுத்தெழுந்து திரும்பும் எதுவும் வீட்டுவண்டியே என்பது என் துணிபு. சரக்கு வண்டியில் ஆளேற்றுவது சட்டப்படி குற்றமாதலால், அவ்வகை இங்கே கோட்பாட்டளவில் மட்டும் ஆராயப்படும். சினிமாக்காரர் கேரவன் ஆய்வெல்லைக்கு வெளியே: அதில் ஏசி வாங்குபவர் வேறு, ஸ்பானர் பிடிப்பவர் வேறு.

சொந்தக் கையால் ரிப்பேர் பார்க்க ஏற்ற வண்டி எது என அளக்க ‘எழுப்பெண்’ என்றொரு அளவையை இவ்வாய்வு முன்மொழிகிறது. வண்டி நின்றது முதல் எஞ்சின் கண்ணில் படுவது வரை எழுப்ப வேண்டிய ஆட்கள், இறக்க வேண்டிய சாமான்கள், இவ்விரண்டின் கூட்டுத்தொகையே எழுப்பெண்.

டி.வி.எஸ். எக்ஸ்.எல்.: எழுப்பெண் சுழியம், எஞ்சின் வெளியே, படுக்கையும் வெளியே.

கேபினையே முன்புறம் கவிழ்க்கும் லாரி: உள்ளே தூங்குபவரை எழுப்பாமல் கவிழ்த்தால் எழுப்பெண் குறையும், வழக்கு எண் கூடும்.

ஃபோர்ஸ் டிராவலர்: எஞ்சின் பாதி மூக்கிலும் பாதி ஓட்டுநர் அறையிலுமாகக் கிடப்பதால் எந்தப் பக்கம் திறப்பது என்பதில் அறிஞர் உடன்படார். (பல்லடம் சாலை டீக்கடை, பெஞ்சு 2, வாய்மொழி.)

இனி மாருதி ஆம்னி. 1984இல் மாருதி வேனாக வந்து 2019இல் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில். 2005இல் வந்த டாடா ஏஸும், அதாவது நம் ‘சின்ன யானை’யும், இதே மரபு. இருக்கையைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். ஆனால் இருக்கையில் யார் இருக்கிறார் என்பதை எந்த நூலும் ஆராயவில்லை. முன்னிருக்கையில் இருப்பவர் அப்புச்சி. வெயிலுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் நடுவே அவர் தூங்கிவிடுகிறார். தாராபுரம் சாலையில் வண்டி நிற்கிறது.

“அப்புச்சி, கொஞ்சம் எந்திரீங்க. எஞ்சினப் பாக்கோணும்.”

“ஏஞ்சாமி, இப்பத்தான பாத்தே?”

இவ்விடத்து இரு பள்ளிகள் உள. எழுப்பற்பள்ளியார், அப்புச்சியை உடனே எழுப்பி வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, மோர் கொடுத்து, அதன்பின் இருக்கையைத் தூக்குக என்பர். காத்தற்பள்ளியார் இதை மறுத்து, அப்புச்சியே ஓர் அளவைக் கருவி என்பர். அவர் தூக்கத்தில் புரண்டால் எஞ்சின் சூடேறுகிறது. வேட்டியை உதறினால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைவு. தானாகவே துள்ளி எழுந்தால் ஃபேன் பெல்ட் அறுந்தது. மீட்டர் பொய் சொல்லலாம்; அப்புச்சி சொல்லார். (காண்க: காதர்பேட்டை பில் புத்தகம், மஞ்சள் நகல், கார்பன் பதியாத பகுதி, ஒப்பு நோக்குக: அதே புத்தகம், பின்னட்டை, யாரோ பேனா எழுதுகிறதா என்று பார்த்த கிறுக்கல்.)

மூன்றாம் பள்ளி அப்புச்சியைப் பின்னிருக்கைக்கு மாற்றலாம் என்கிறது. அப்பள்ளியார் எவரும் எந்த அப்புச்சியையும் நேரில் அறியாதவர் என்பது தெளிவு.

இது குறித்து மூத்த மெக்கானிக் ஒருவர் அருளிய உரை கிடைத்துள்ளது. வண்டிக்கடியில் மல்லாந்து, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரை வாயில் கவ்வியபடி அருளியதால் மெய்யெழுத்துகள் தெளிவில்லை. “கார்புரேட்டரக் கழட்டு” என ஒரு பிரதியும், “கறி புரோட்டா கட்டு” என மற்றொரு பிரதியும் கூறும். (கிரீஸ் சுவடி, ஒர்க்ஷாப் தெற்குச் சுவர், காலண்டருக்கு இடப்புறம், சுண்ணாம்பு அடிப்பதற்கு முந்திய அடுக்கு, கண்கண்ட சாட்சியாக நின்ற பையன் எழுதியது, பையன் தற்போது செக்கிங் வேலைக்குப் போய்விட்டதால் சரிபார்க்க இயலவில்லை.) நேரம் பகல் ஒன்றரை. ஆகவே பிந்தையதே மூலபாடம்.

எஞ்சினைத் திறந்தே பாராதவர் அதைப் பற்றி முனைவர் பட்டம் பெறலாம். திறந்து பார்த்தவருக்கு நெறியாளர் கிடைப்பதில்லை. இக்கட்டுரையையும் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். கட்டணம் கட்டிய அன்று மாலையே மூவர் படித்து ஏற்றதாகக் கடிதம் வந்தது. அனுப்பிய கோப்பில் தலைப்பு மட்டுமே இருந்தது.

துடைதுணி பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு நிறைவுறாது. நாடெங்கும் மெக்கானிக் கையில் இருக்கும் பனியன் வேஸ்ட்டின் பெரும் ஊற்று நம் ஊர்க் கட்டிங் டேபிள்தான். வெள்ளை வேஸ்ட்டுக்கு விலை கூட, கலருக்குக் குறைவு. ஐரோப்பியக் குழந்தையின் சட்டையாக வேண்டிய துணியின் ஓரம், சின்ன யானையின் ஆயில் கேஜைத் துடைத்து முக்தி அடைகிறது. பருத்தி ஆயிலைக் குடிக்கும். பாலியஸ்டர் கலந்தது இழுசிப் பூசும். ஆகவே வண்டியில் பருத்தி வேஸ்ட் ஒரு கிலோ இருக்கட்டும், ஆனால் எஞ்சின் ஓடும்போது பெல்ட் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கரூரில் பாடி கட்டுமுன், கட்டிலும் அடுப்பும் எங்கே வரும் என்பதற்கு முன்பாக, எஞ்சின் மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்று கேளுங்கள். கட்டில் காலை அதன்மேல் ஊன்றிவிடுவார்கள். எஞ்சினை அணைத்துவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். ஆயில் ஃபில்டர், ஃபேன் பெல்ட், டீசல் வண்டியானால் ஏர் பிடித்தால் ஏர் எடுக்கும் பம்ப், இந்த மூன்றும் விரலுக்கு எட்ட வேண்டும். ஒன்று எட்டாவிட்டாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். போகும்போது அப்புச்சியையும் கூட்டிப் போய், இருக்கையில் உட்காரவைத்துப் பாருங்கள்.