மாமியின் வீடு, மருமகனின் பாஸ்வேர்ட்: வாவிக்கரை வைஃபைக் காவல் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

பங்குடாவெளி தொடக்கம் கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதன் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள வீட்டு ரவுட்டர்கள் எவ்வாறு காக்கப்படுகின்றன என்பதே இவ்வாய்வின் பொருள். வாவியின் பாடும் மீனைப் பாதிரியார் முதல் வானொலியார் வரை காது கொடுத்து ஆராய்ந்துவிட்டனர். அலுமாரித் தலையில் விளக்குச் சிமிட்டியபடி இருக்கும் ரவுட்டருக்கு மட்டும் புலவர் வாய்க்கவில்லை.

2. பெயர் சூட்டல்

வைஃபைப் பெயருக்கு விதிக்கப்பட்ட எல்லை 32 பைட். தமிழில் எழுத்து, புள்ளி, கொம்பு, கால் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே 3 பைட் கேட்கும். இக்கணக்கின்படி ‘மட்டக்களப்பு’ 36 பைட். தன் வாவிக்கரையிலேயே தன் பெயரைத் தமிழில் வைக்க முடியாத நகரம் அது. காத்தான்குடிக்கும் அதே 36, அதே கதி. 30 பைட்டுடன் வாழைச்சேனை தப்பிக்கொள்கிறது. 21 பைட்டுக் கல்முனை கால் நீட்டிப் படுக்கலாம்.

பெயரை மறைத்து வைப்பதே காவல் என்று ஒரு சாரார் கொள்வர். அது பொருந்தாது. மறைத்த பெயரை வீட்டுக் கைபேசிகளே போகுமிடமெல்லாம் கூவித் தேடும்.

3. காவலின் ஆயுள்

ஒப்பீட்டுக்கு உகந்த உள்ளூர்ச் சான்று மட்டக்களப்புக் கோட்டை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் பிடித்தனர். ஆயுள் 10 ஆண்டு. வைஃபையின் முதற் பூட்டான வெப் 1997இல் வந்து 2001இல் உடைந்தது, ஆயுள் 4. டபிள்யூபிஏ2 வந்தது 2004இல், அதில் பெரிய ஓட்டை கண்டது 2017இல், ஆயுள் 13. ஆகவே கோட்டை வெப்பை விட உறுதியானது, டபிள்யூபிஏ2வை விட மெலிந்தது என்று துணியலாம்.

அந்த ஓட்டையைக் கண்டவர் பெல்ஜியத்து லூவன் பல்கலைக்கழகத்தின் மத்தி வன்ஹூஃப். அப்பல்கலைக்கழகத்தின் மொழி ஒல்லாந்தம். இரண்டு காவலும் ஒல்லாந்த மொழிக்காரர் கையிலேயே அகப்பட்டது தற்செயல் என்பாரும் உளர். அவர்களுக்கு ஆய்வு மனப்பான்மை போதாது. பரிகாரம் இரண்டுக்கும் ஒன்றே. பிடித்த கோட்டையை ஒல்லாந்தர் திருத்திக் கட்டினர். கைபேசிக்கும் ரவுட்டருக்கும் அப்டேட். 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 இருந்தால் அதையே தெரிக.

4. தானே திறக்கும் கதவுகள்

பாஸ்வேர்ட் இல்லாமலே இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியின் எட்டு இலக்கப் பின் எண் பத்துக் கோடி வாய்ப்புள்ளதாகத் தோன்றும். ஆனால் முன்பாதி சரியா என்று தனியே கேட்டால் ரவுட்டர் மறைக்காமல் சொல்லிவிடும். கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிடக்கூடியது. ஆக 11,000 முயற்சியில் கதை முடியும் என்று 2011இல் வெளியாயிற்று. அணைத்து வைக்க.

வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பாஸ்வேர்ட்டாக வைப்பதும் இவ்வகையே. 065 என்பது மாவட்டத்துக்கே தெரியும். எஞ்சிய ஏழு இலக்கத்துக்கு ஒரு கோடி வாய்ப்பு. நல்ல கிராபிக்ஸ் அட்டை பூட்டிய கணினிக்குத் தேத்தண்ணி ஆறுமுன் முடிகிற வேலை. 63 எழுத்து வரை இடமிருக்க பத்தோடு நிற்பானேன்?

தொழிற்சாலை வைத்த ‘அட்மின்’ கடவுச்சொல்லையும் மாற்றுக. 2016இல் மிராய் என்னும் தீநிரல், இப்படி மாற்றாமல் விட்ட பெயர்களையும் சொற்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தே ஏராளமான கமெராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

5. அதிகாரச் சிக்கல்

இத்தேசத்தில் வீடு பெண்வழி போகும். கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டில் வந்திருப்பார். 192.168.1.1 என்று தட்டி ரவுட்டருக்குள் போகத் தெரிந்தவர் மருமகன். யாருக்குப் பாஸ்வேர்ட் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் மாமி. ரவுட்டரை ஆக்கியோர் ஓர் அட்மினையே எண்ணினர்.

பின்னேரம் வந்த சின்னம்மா கதிரையில் இருக்குமுன் கேட்பார்: “மருமகன், அந்த வைஃபையக் கொஞ்சம் போட்டுத் தாங்களன்.”

மருமகன் தயங்குவார். குசினிக்குள்ளிருந்து தீர்ப்பு வரும்: “குடுங்க மருமகன், பாஸ்வேர்ட்டென்ன தேய்ஞ்சா போகும்?”

பாஸ்வேர்ட் தேயாதுதான்; மாத டேட்டா தேயும். மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது வடபுலத்தார் பழம்பேச்சு. மந்திரமெல்லாம் வேண்டாம். ரவுட்டருக்குப் பக்கத்தில் பாயை விரித்தால் போதும்.

6. முடிபும் பரிந்துரையும்

வெப் முதல் டபிள்யூபிஏ3 வரை எல்லாப் பூட்டும் திருடனை எண்ணிச் செய்யப்பட்டவை. வாவிக்கரையில் பாஸ்வேர்ட் திருட்டுப் போவதில்லை, கேட்டவருக்குக் கொடுக்கப்படுகிறது. கொடுக்கிற கையை எந்தக் குறியாக்கத்தாலும் கட்ட முடியாது. ஆதலால் மேம்பட்ட அமைப்புகளுள் தலையாயது கெஸ்ட் நெட்வொர்க்கே. வந்தவர் இணையத்துக்குப் போவார். வீட்டுக் கணினிக்கும் கமெராவுக்கும் போகார்.

அதற்கு ‘விருந்து’ என்று பெயரிடுக, 24 பைட்தான். அதன் பாஸ்வேர்ட்டைக் கலண்டரில் எழுதி, கேட்குமுன் காட்டுக. மற்றதை மருமகன் மனத்தில் வைத்துக்கொள்ளலாம், மாமி கேட்கும் வரை.