கல்யாணத்தைச் சுருக்குவது எப்படி?

பதுளை, பசறை, ஹாலிஎல பக்கம் எந்தத் தோட்டத்து லய வீட்டுக்குள் நுழைந்தாலும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண டிவிடி இருக்கும். அட்டையில் பெண்ணும் மாப்பிள்ளையும் ரோஜாப்பூவுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். போட்டுப் பார்க்கத்தான் டெக் இருக்காது. அது பழுதாகிப் பல வருஷம். புது லேப்டாப்புகளிலோ டிவிடி போட இடமே இல்லை.

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் தெரிந்த பாவி ஒருவன் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது நான். பெரியப்பா மகளின் கல்யாண டிவிடியை யாரோ ஒரு புண்ணியவான் அப்படியே ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக்கி, நாலு ஜிபிக்கு மேல் கனத்தோடு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்.

"தம்பி, இதைச் சின்னதாக்கிக் கூடலூர் அத்தைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிருப்பா" என்றார் பெரியப்பா.

தோட்ட மக்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பங்கிட்ட 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் வாங்கித் தலைமன்னாரில் கப்பலேறிய அத்தை அவர். ஒப்பந்தம் பிரித்ததை வாட்ஸ்அப் சேர்த்து வைக்கும். ஆனால் 2 ஜிபிக்கு மேல் சுமக்காது.

ஐஎஸ்ஓவைத் திறந்தால் உள்ளே விஓபி என்று வரிசையாகத் துண்டுகள். ஒரு துண்டு 1 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பது டிவிடியின் சட்டம். அதற்கு முகூர்த்தம் தெரியுமா? முதல் முடிச்சு ஒரு துண்டிலும் மற்ற இரண்டும் அடுத்த துண்டிலும் விழுந்திருந்தன. துண்டு துண்டாக மாற்றினால் கல்யாணம் பாதியில் நின்றுவிடும். முழு ஐஎஸ்ஓவையும் ஹேண்ட்பிரேக்கிடம் கொடுத்தால், தானே கோத்து ஒரே எம்பி4 ஆக்கித் தரும். காசு கேட்காத மென்பொருள். 2003இல் தொடங்கி, 1.0 என்ற எண்ணை 2016 டிசம்பரில்தான் எட்டியது. தோட்டத்து வீடமைப்புத் திட்டங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அது வேகமாகவே பட்டது.

ஹேண்ட்பிரேக் தரத்துக்கு ஒரு எண் கேட்கும். டிவிடிக்கு 18இலிருந்து 22 வரை வைக்கலாம். எண் குறையக் குறையப் படம் தெளியும், கோப்பு பெரிதாகும். நடுவில் 20 வைத்தேன். டீஇன்டர்லேஸையும் போட்டேன். இந்த மாதிரி டிவிடி ஒவ்வொரு படத்தையும் இரண்டு அரைப்படமாக, ஒரு வரி விட்டு ஒரு வரியாக வைத்திருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் தப்படிப்பவரின் கைக்குச்சி ஓரமெல்லாம் கிழிந்து கோடு கோடாகத் தெரியும்.

இனி வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறையின் பாடு. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே எது மாறியதோ அதை மட்டும் எழுதும். டிவிடியின் எம்பெக்-2வும் அதையேதான் செய்யும். ஆனால் எச்.264 இன்னும் பெரிய கருமி. மேடை ஓரம் கைகட்டி அசையாமல் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு அது செலவழித்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சொந்தக்காரர்களும் அவருக்கு அவ்வளவுதான் செலவழிப்பார்கள்.

சிக்கல், ஜோடியைத் தேயிலைக்குள் நிறுத்திய காட்சியில் வந்தது. பின்னால் நமுனுகுல மலை அசையவில்லை, செலவுமில்லை. முன்னால் காற்றில் கொழுந்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் ஆடியது. போதாததற்கு ஸ்டூடியோக்காரர் மேலிருந்து ரோஜா இதழை வேறு கொட்டியிருந்தார். இலை, இதழ் அத்தனைக்கும் கணக்கு எழுதி முடிப்பதற்குள் லேப்டாப் கொதித்துவிட்டது.

ஒருவழியாக 1 ஜிபி சொச்சத்துக்கு இறங்கி, கல்யாணம் கடல் தாண்டியது. கண்ணுக்குப் படாததைக் கழிப்பதுதான் சுருக்கும் கலை. அத்தையின் கண்ணுக்குப் படாதது எதுவென்று எச்.264ஐ எழுதியவர்களுக்கு யார் சொல்வது? மறுநாளே போன் வந்தது.

"டேய், எல்லாரும் நல்லாத் தெரியிறாங்க. மொய் எழுதுற எடத்துல நிறுத்திப் பெருசாக்கிப் பாத்தேன். யார் எவ்வளவுன்னு மட்டும் படிக்க முடியலை. கொஞ்சம் தெளிவா அனுப்பேன்."

20ஐ 18ஆக்கி மறுபடியும் ஓடவிட்டிருக்கிறேன். தாலி கட்டியதற்கு 20 போதும். மொய்க்கணக்குக்குப் போதாது.